ஆடிக்கு முன்னால் ஏற்றிய இன்ஜின்

என் டிரெய்லரை என் மச்சான் புகைவண்டி என்றுதான் சொல்லுவார். மனைவியின் அண்ணன், மாதச் சம்பளக்காரர். வியாசர்பாடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, உன் புகைவண்டி இப்போது எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்று ஆரம்பித்துவிடுவார். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. இன்ஜின் தேய்ந்து போயிருந்தது. துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு மணலிப் பக்கம் திரும்புவதற்குள் பின்னால் வருகிறவனுக்கு ரோடு தெரியாது. டீசலைவிட ஆயிலைத்தான் அதிகம் குடித்தது என்று சொல்லலாம். மேடு ஏறும்போது பைக்கில் வருகிறவர்கள் முகத்தை மூடிக்கொண்டு என்னைத் திட்டியபடி கடந்து போவார்கள். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு எதுவும் கேட்காத மாதிரி உட்கார்ந்திருப்பேன். அந்தப் பழக்கம் எனக்கு நன்றாக வரும். அதைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

இருபது வருஷமாக என் வண்டிக்கு ஒரே மெக்கானிக்தான். என் வயதுக்காரன். அவன் என்னை மாமு என்பான், நான் அவனை மாமு என்பேன். எண்ணூர் போகிற ரோட்டில் கடலைப் பார்த்தாற்போல் அவன் பட்டறை இருந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ், மூன்று பக்கமும் திறந்தவெளி. காலையில் கடல் பக்கமிருந்து மணல் பறந்து வரும், காற்று திரும்பினால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வரும். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவன் பிரித்துப் போடாத இன்ஜின் இல்லை. எங்கள் லாரி ஸ்டாண்டில் யார் வண்டி படுத்தாலும் முதலில் அவன் பெயரைத்தான் சொல்லுவார்கள். அவன் கை வைத்தால் வண்டி பேசும் என்பது ஸ்டாண்டில் எல்லோரும் சொல்கிற பேச்சு.

அவன்தான் எக்ஸ்சேஞ்ச் இன்ஜின் போடச் சொன்னான். கம்பெனியே பழைய இன்ஜின்களை வாங்கி, முழுக்கப் பிரித்து, தேய்ந்ததையெல்லாம் கடைந்தும் மாற்றியும் புதுசுபோல் ஆக்கிப் பெட்டியில் அடைத்துத் தருகிறது. நம் பழையதைக் கொடுத்துவிட்டு அதை எடுத்து வரவேண்டும். வாரண்டியும் உண்டு. என் இன்ஜினைத் தன் பட்டறையிலேயே பிரித்துச் செய்திருந்தால் அவனுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு வேலை இருந்திருக்கும். அதை விட்டுவிட்டு எனக்கு எது நல்லதோ அதைச் சொன்னான். இதை நான் முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துபோனேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

ஆனி மாதக் கடைசி அது. அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது. ஆடியில் புதுசாக எதையும் தொடங்க எங்கள் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம், அதை விட்டால் ராகு காலம், அதையும் விட்டால் ஆவணிதான் என்று மனைவி கணக்குச் சொன்னாள். தெரு அம்மன் கோயில் பூசாரியிடம் பேசிவிட்டாள். நான் என் பங்குக்கு மச்சானைக் குடும்பத்தோடு வரச் சொன்னேன். ஸ்டாண்டில் எல்லோரையும் கூப்பிட்டேன். புகை இல்லாமல் இன்ஜின் ஸ்டார்ட் ஆவதை அவர் கண்ணால் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. நினைத்தால் இப்போது சிரிப்பாக இருக்கிறது.

திங்கள்கிழமை பழைய இன்ஜினை செயின் பிளாக்கில் தொங்கவிட்டு இறக்கினோம். செவ்வாய்க்கிழமை புதுசு வந்தது. பெட்டியைப் பிரித்ததும் சாம்பல் நிறப் பெயிண்டில் பளபளவென்று இருந்தது. எல்லாத் துளைகளிலும் பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்திருந்தார்கள். மெக்கானிக் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான், தொடவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, பழைய இன்ஜினிலிருந்து கழற்றி வைத்திருந்த ஆயில் கூலரைக் கையில் கொடுத்தான்.

ஆயில் கூலர் என்பது இன்ஜின் ஆயிலைக் குளிர வைக்கிற ஒரு சின்ன உறுப்பு. தகடு தகடாக இருக்கும், தகடுகளுக்கு நடுவில் நூல் போகிற இடுக்கில் ஆயில் ஓடும். எங்களுக்கு வந்த இன்ஜினோடு அது வரவில்லை, பழையதைத்தான் மாட்டியாக வேண்டும். என் பழைய இன்ஜின் தேய்ந்த தேய்வில் உதிர்ந்த இரும்புத் தூள் பூராவும் அந்த இடுக்குகளில்தான் அடைந்திருக்கும், அப்படியே மாட்டினால் அத்தனையும் புது இன்ஜினுக்குள் போய்விடும் என்று அவன் விளக்கினான்.

"ராயபுரத்துல ரேடியேட்டர் கடைல குடு மாமு. மருந்துல ஊற வெச்சி, கழுவி, டெஸ்ட் பண்ணி தரட்டும். அவனால முடியாதுன்னா புச்சு வாங்கிடு. இத்த மட்டும் அசால்ட்டா வுட்றாத."

புதன்கிழமை ராயபுரம் போனேன். கடைக்காரர் கூலரைத் தூக்கிப் பார்த்தார், கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினார். கையில் மினுக்மினுக்கென்று தூள் விழுந்தது. இரண்டு நாள் மருந்துத் தொட்டியில் கிடக்கவேண்டும், சனிக்கிழமை சாயங்காலம் வாருங்கள் என்றார். வெள்ளிக்கிழமை பூஜை என்றேன். அதற்கு நான் என்ன செய்யமுடியும் என்று கையை விரித்தார். புதுசு கேட்டேன். என் வண்டிக்கானது திங்கள்கிழமைதான் வரும் என்றார்.

நேராகப் பட்டறைக்குப் போய், சனிக்கிழமைதான் கிடைக்குமாம் மாமு என்று சொல்லியிருக்கலாம். அவன் பூஜையைத் தள்ளிப் போடச் சொல்லியிருப்பான். நான் மச்சானுக்கு போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். அந்தப் போனை நினைத்தாலே எனக்கு உடம்பு எரிந்தது. ஏன், புகைவண்டி லேட்டா என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் எல்லாம் செய்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன், இல்லவே இல்லை.

திருவொற்றியூரில் வண்டி கழுவுகிற இடத்தில் பைக்கை நிறுத்தி, ஒரு கேன் மண்ணெண்ணெய் வாங்கி, கூலருக்குள் ஊற்றிக் குலுக்கினேன். கருப்பாக வந்தது. ஏர் பைப்பை வைத்து ஊதினேன். இரண்டாவது தடவை சாம்பல் நிறத்தில் வந்தது, மூன்றாவது தடவை தெளிவாக வந்தது. அது போதும் என்று நானே எனக்கு சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டேன். வெளிப்பக்கத்தை சோப்பு போட்டுத் தேய்த்து, வெயிலில் காய வைத்து, பழைய பேப்பரில் சுற்றினேன். கடையில் சுற்றித் தருவார்களே, அந்த மாதிரி. அந்தப் பேப்பரை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு அதிகம் கூசுகிறது. கூலரைக் கழுவியது அவசரம் என்று வைத்துக்கொள்ளலாம். பேப்பர் சுற்றியதை என்னவென்று சொல்வது?

வியாழக்கிழமை காலை அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடையில் கழுவி டெஸ்ட் பண்ணிக் கொடுத்துவிட்டார்கள் என்று வாய் கூசாமல் சொன்னேன். அவன் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"உள்ள கண்ணு போவாது. கடக்காரர் சொன்னா சரிதான்," என்று மாட்டிவிட்டான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வண்டிக்கு மாலை போட்டு, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றினார்கள். மெக்கானிக்கையே ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். அவன் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு வந்திருந்தான். சாவியைத் திருப்பினான், ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. சைலன்சரில் கையை வைத்து மச்சானிடம் காட்டினேன், கரி இல்லை. அவர் சர்க்கரைப் பொங்கலை வாயில் வைத்துக்கொண்டு, பரவாயில்லையே என்றார். மூன்று வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. ஸ்டாண்டுக்காரர்கள் மெக்கானிக்கின் தோளில் தட்டினார்கள். இரண்டு பேர் அங்கேயே தங்கள் வண்டிகளுக்கும் இதே மாதிரி செய்துதரச் சொல்லி அவனிடம் பேசினார்கள்.

பதினோராவது நாள், எண்ணூர்த் துறைமுகத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனேன். நெட்டுக்குப்பம் தாண்டி முகத்துவாரப் பக்கம் போகும்போது ஆயில் பிரஷர் முள் சரசரவென்று கீழே இறங்கியது. அடியில் டக் டக் என்று தட்டுகிற சத்தம். ஓரம் கட்டி அணைத்தேன். என்ன நடந்திருக்கிறது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. அய்யோ இன்ஜின் போச்சே என்று முதலில் தோன்றியிருக்கவேண்டும், தோன்றவில்லை. கண்டுபிடித்துவிடுவார்களா என்றுதான் தோன்றியது.

வாரண்டிக்காகக் கம்பெனி ஆள் பட்டறைக்கு வந்தார். சின்ன வயது, நல்ல மாதிரிப் பேசினார். ஆயில் பில்டரை அறுத்து, மடிப்பை விரித்து வெயிலில் காட்டினார். மினுக்மினுக்கென்று இருந்தது. வெளியிலிருந்து குப்பை உள்ளே போய் பேரிங்கைத் தின்றுவிட்டது, கூலரிலிருந்தும் வந்திருக்கலாம், ஏற்றும்போது திறந்த துளையில் விழுந்திருக்கவும் கூடும், எப்படியும் வாரண்டி வராது என்றார். கூலர் கழுவிய பில் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். ஸ்டாண்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். தொலைந்துவிட்டது என்றேன்.

மெக்கானிக் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"கடைலதான மாமு குடுத்த?"

"ஆமா மாமு, கடைலதான்."

அவன் அதோடு விட்டுவிட்டான். அந்தக் கம்பெனி ஆளிடம், பில் இல்லாவிட்டால் பரவாயில்லை, இவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றான். பிறகு கடல் பக்கம் திரும்பிப் பார்த்தான். இன்ஜின் ஏற்றிய அன்றைக்குக் காற்று பலமாக இருந்ததென்றும், ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்ததாகவும், சாம்பல் அப்போது விழுந்திருக்கும் என்றும் அத்தனை பேர் முன்னாலும் அவனாகவே சொன்னான். தப்பு என்னுடையது என்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை. நான் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அந்தத் தலையாட்டல் போதும், ஸ்டாண்டில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

இன்ஜினை மறுபடி இறக்கி, கிராங்கைக் கடையக் கொடுத்து, புது பேரிங் போட்டு, இந்தத் தடவை புது கூலரும் போட்டு அவனே ஏற்றினான். கூலி தரப் போனேன், கையைத் தட்டிவிட்டான். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் சந்தேகம் வரும் என்று நினைத்தேன் என்று எழுதத்தான் கை வருகிறது. உண்மையில் எனக்கு வசதியாக இருந்தது.

வண்டி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. புகை இல்லை. மச்சான் புகைவண்டி என்று சொல்வதை விட்டுவிட்டார்.

பட்டறைக்குத்தான் வண்டி வருவது நின்றது. பூஜையன்று பேசிவைத்த இரண்டு பேரும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மூடியைத் திறந்துவைத்துவிட்டு வேலை பார்க்கிறவன் என்று ஒருவர் சொன்னார். வயசாகிவிட்டது, கவனம் இல்லை என்று இன்னொருவர் சொன்னார். என் வயதுதான் அவனுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீக்கடையில் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கிளாஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாவம், நண்பனை விட்டுக்கொடுக்காமல் இருக்கிறான் என்று என்னைத்தான் மெச்சினார்கள். அவனுக்கு கிரீஸ் அடிப்பது, பிரேக் டைட் பண்ணுவது என்று சில்லறை வேலைகள்தான் மிஞ்சின. ஒரு வருஷம் தாக்குப் பிடித்தான். பிறகு பட்டறையை விட்டுவிட்டு, மணலிப் பக்கம் நிறைய வண்டி வைத்திருக்கிற ஒரு கம்பெனியின் யார்டில் வேலைக்குச் சேர்ந்தான். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, விரல் ரேகை வைத்து உள்ளே போகிற வேலை. அதன்பிறகு நான் அவனைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன். பிறகு பார்ப்பதே இல்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் ஸ்டாண்டில் ஒருத்தர், சமீபத்தில் எங்களோடு சேர்ந்தவர், தன் வண்டிக்கு எக்ஸ்சேஞ்ச் இன்ஜின் போடலாமா என்று கேட்டார். உங்களுக்குப் போட்டவரிடம் யோசனை கேட்கவேண்டும், கூட்டிக்கொண்டு போங்கள் என்று பிடிவாதமாக நின்றார். தட்டிக்கழிக்கக் காரணம் கிடைக்கவில்லை. என் பைக்கில் யார்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மதிய சாப்பாட்டு நேரம். அவன் சாப்பிடப் போகாமல் ஒரு வண்டியின் முன்பக்கத்தில் குனிந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. வா மாமு, எத்தனை நாளாச்சு என்றான். இளைத்திருந்தான். வந்தவருக்கு எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னான். இன்ஜின் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்கவேண்டும், கூலரைக் கழுவக்கூட வேண்டாம், புதுசே போட்டுவிடுங்கள் என்றெல்லாம் சொன்னான். நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஏற்றித் தரமுடியுமா என்று அவர் கேட்டார். அவன் தலையை ஆட்டி மறுத்தான். நான் இன்ஜின் ஏற்றுவதை விட்டுவிட்டேன் என்றான். அவர் ஏன் என்று கேட்டார்.

"நான் ஒரு தபா கவனமில்லாம மூடிய தொறந்து வெச்சிட்டேன் சார். பத்து நாள்ல இன்ஜின் போச்சு. இதோ, இவன் வண்டிதான். இன்னி வரிக்கும் என்ன ஒரு வார்த்த கேட்டதில்ல. வேற ஒருத்தனா இருந்தா சட்டையப் புடிச்சிருப்பான். இந்த மனசு யாருக்கு வரும், சொல்லுங்க."

அந்த ஆள் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்வையில் மரியாதை இருந்தது. செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவருக்கு ஒரு போன் வந்தது, பேசிக்கொண்டே கேட் பக்கம் போனார். நாங்கள் இரண்டு பேர்தான் நின்றோம்.

கூலர் கடைக்குப் போகவில்லை மாமு என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பூஜை, ஆடி, மச்சான், மண்ணெண்ணெய், பேப்பர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தான்.

"எத்தினி தபா கழுவுன?"

"மூணு."

"மூணு பத்தாது," என்றான், ஏதோ வேறு யாருடைய வண்டியைப் பற்றியோ பேசுகிற மாதிரி.

அப்படியானால் மூடி திறந்திருந்தது காரணம் இல்லையா என்று கேட்டான். இல்லை என்றேன். மறுபடியும் அதையே கேட்டான். மறுபடியும் இல்லை என்றேன். அவன் தன் கையைத் திருப்பிப் பார்த்தான்.

"மூணு வருசமா ஒரு போல்ட்ட ஒரு தபா டைட் பண்ணிட்டு நவுற முடியல மாமு. மூணு தபா பாப்பேன், வூட்டுக்குப் போறதுக்குள்ள திரும்பி வந்து நாலாவது தபா பாப்பேன். இங்க பசங்க சிரிக்கிறானுங்க. என் கைய நானே நம்பல."

என்னைத் திட்டவில்லை. திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் கணக்கு முடிந்தது என்று எழுந்து வந்துவிடலாம் என்ற நப்பாசை எனக்கு. அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். போன் பேசிமுடித்து அந்த ஆள் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவர் காதில் விழாதபடி, தாழ்ந்த குரலில் கேட்டான்.

"இத்த ஸ்டாண்டுல சொல்லிடு மாமு. அது போதும்."

நாளைக்கே சொல்கிறேன் என்றேன்.

அவன் வண்டிப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே முடுக்கியிருந்த போல்ட்டில் ஸ்பானரை வைத்து மறுபடி அழுத்திப் பார்த்தான். நான் பைக்கை எடுத்தேன். பின்னால் உட்கார்ந்து வந்த ஆள், தங்கமான மனுஷன் சார் உங்கள் நண்பர், நீங்களும்தான் என்று மணலியிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். அவரிடம்கூட நான் வாயைத் திறக்கவில்லை. போன மாதம் அவர் வேறு ஒரு பட்டறையில் இன்ஜின் ஏற்றிக்கொண்டார்.

துறைமுக வரிசையில் வண்டியை நிறுத்திக் காத்திருக்கிற நேரத்தில் நோட்டில் எதையாவது எழுதுவது என் பழக்கம். இதையும் அப்படித்தான் எழுதினேன். அவன் பெயரைப் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை, ஸ்டாண்ட் எது என்றும் சொல்லவில்லை. யாரென்று தெரியாத உங்களிடம் சொல்ல முடிகிறது. முன்னால் நிற்கிற வண்டியும் எங்கள் ஸ்டாண்ட் வண்டிதான். அதன் டிரைவர் இறங்கி, டீ குடிக்கலாம் வா என்று கையைக் காட்டிக் கூப்பிடுகிறார். அன்றைக்குப் பட்டறையில் சுற்றி நின்றவர்களில் அவரும் ஒருவர். நான் நோட்டை மூடி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு இறங்கப் போகிறேன். இன்றைக்கும் சொல்வேனா என்று எனக்குத் தெரியவில்லை.